கைக்கு எட்டாத இடம்

சிக்னலில் பைக்கின் கண்ணாடி காரை உரசிவிடுகிறது. கார்க்காரர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வருகிறார். "கண்ணு தெரியலையா?" என்று ஆரம்பிக்கிறார். பைக்காரரும் விடுவதாக இல்லை. முதலில் இருவருக்கும் நடுவில் ஏழெட்டு அடி இடைவெளி இருந்தது. ஒவ்வொரு பேச்சுக்கும் ஓரடி குறைகிறது. கடைசியில் நெஞ்சோடு நெஞ்சு முட்ட, மூக்குக்கு நேரே விரலை ஆட்டிப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். இனி யார் கை முதலில் நீளும் என்பது மட்டும்தான் பாக்கி.

தெருவில் நடக்கும் அடிதடிகளில் நிறைய இப்படித்தான் முற்றுகின்றன. யார் என்ன சொன்னார்கள் என்று பிறகு எல்லோரும் விசாரிப்பார்கள். அந்த நேரத்தில் இருவர் கால்களும் எங்கே இருந்தன என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அடி விழுமா விழாதா என்பதில் பாதியைத் தீர்மானிப்பது கால்கள்தான்.

தற்காப்பு என்றதும் நமக்கு உதையும் குத்தும் ஞாபகம் வரும். அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் அதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்லித்தருவார்கள்: எதிராளியின் கை எட்டாத இடத்தில் நிற்பது, அதையும் சண்டைக்குத் தயாராவதுபோலத் தெரியாமல், பேச்சோடு பேச்சாகச் செய்வது. இதற்கு உடல்பலம் தேவையில்லை, வயது தடையில்லை. நிற்கும் விதத்தில் செய்யும் சின்னச் சின்ன மாற்றங்கள் போதும்.

தூரம் தருவது நேரம்

கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை அசைவதற்கு ஆரோக்கியமான ஒருவருக்குச் சுமார் கால் விநாடி ஆகும். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்து என்கிற எளிய சோதனையிலேயே ஏறக்குறைய இந்தக் கணக்குதான். வரப்போவது வலக்கையா இடக்கையா, தள்ளப் போகிறாரா அறையப் போகிறாரா என்று தெரியாத நிலையில் நேரம் இன்னும் கூடும். எதிர்பார்க்க வேண்டியவை பெருகப் பெருக, பதில் செயலுக்கு ஆகும் நேரமும் கூடுகிறது என்பதை இங்கிலாந்தின் உளவியலாளர் வில்லியம் ஹிக் 1952இல் அளந்து காட்டினார்.

கையெட்டும் தூரத்தில் நிற்பவர் பளாரென்று ஒன்று விட இந்தக் கால் விநாடியே போதும். ஆகவே அவ்வளவு நெருக்கத்தில் நின்றுகொண்டு, 'அடி வந்தால் தடுத்துக்கொள்ளலாம்' என்று நினைப்பது வீண் நம்பிக்கை. கராத்தேயில் கறுப்புப் பட்டை வாங்கியவருக்கும் நரம்பு அதே நரம்புதான்.

அதே ஆள் உங்களைத் தொட ஓர் எட்டு வைத்தாக வேண்டும் என்றால் நிலைமை மாறிவிடுகிறது. காலை எடுத்துவைக்க உடம்பின் பாரம் ஒரு பக்கம் சாய வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், தோள் முன்னே வர வேண்டும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கை மட்டும் வருவதைவிட ஆளே வருவதைக் கவனிப்பது எளிது. அந்த ஓர் எட்டில் உங்களுக்கு விலக நேரம் கிடைக்கிறது.

இந்தத் தூரத்தை அளக்க டேப் வேண்டாம். நீங்கள் கையை நீட்டி, எதிரில் இருப்பவரும் கையை நீட்டினால் இருவர் விரல்நுனிகளும் தொட்டுக்கொள்ளும் இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு அது ஐந்தடி அளவில் இருக்கும். வெறுங்கையோடு கோபமாகப் பேசுகிற ஒருவரிடம் குறைந்தபட்சம் இவ்வளவு இடைவெளி தேவை.

கையில் ஆயுதம் இருந்தால் இந்த அளவு எந்த மூலைக்கும் போதாது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸில் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் டுல்லர், கத்தியோடு ஓடிவரும் ஆள் எவ்வளவு தூரத்தில் இருந்தால் ஆபத்து என்று சோதித்துப் பார்த்து 1983இல் ஒரு பத்திரிகையில் எழுதினார். சராசரி ஆள் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறார் என்பது அவர் கண்டது. இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடுவதற்கு ஒரு போலீஸ்காரருக்கு ஆகும் நேரமும் கிட்டத்தட்ட அதுவே. துப்பாக்கி வைத்திருப்பவருக்கே 21 அடி போதாது என்றால், வெறுங்கையோடு நிற்பவர் கத்தியைப் பார்த்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓட வேண்டும்.

போர்க்கலைகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பழைய பாடம். ஜப்பானியக் கெண்டோ வாள்பயிற்சியில், ஓர் எட்டு முன்வைத்தால் வாள் எட்டும், ஓர் எட்டு பின்வைத்தால் தப்பிக்கலாம் என்கிற தூரத்தை அடிப்படைத் தூரமாக வைத்துப் பழகுகிறார்கள். நம் சிலம்பத்திலும் கம்பைச் சுழற்றும் வேகத்தைப் பார்த்துத்தான் வேடிக்கை பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். ஆசான் பார்ப்பது காலடியை. காலடி வரிசை படியாதவருக்கு எத்தனை வீச்சு தெரிந்திருந்தும் பயனில்லை. போட்டியில் கம்பு உடம்பில் பட்டால் எதிராளிக்குப் புள்ளி. படாத தூரத்தில் காலை வைக்கத் தெரிவதே அங்கே பாதி ஆட்டம்.

நெருங்கினால் ஏன் கோபம் வருகிறது?

தூரத்துக்கு இன்னொரு முகம் உண்டு. ஒவ்வொருவரும் தம்மைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லையை வைத்திருக்கிறோம். அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் டி. ஹால் 1966இல் வெளியான தம் நூலில் இதை நான்காகப் பிரித்தார். ஒன்றரை அடிக்குள் மிக நெருங்கியவர்கள். நான்கடி வரை நண்பர்கள். பன்னிரண்டடி வரை அலுவல் பேச்சு. அதற்கு அப்பால் மேடைப் பேச்சு. அவர் அளந்தது அமெரிக்க நடுத்தர வர்க்கத்தை; எல்லா ஊருக்கும் இதே அளவு பொருந்தாது. 2017இல் வெளியான, 42 நாடுகளில் நடந்த ஆய்வொன்றில், அறியாதவர்களிடமிருந்து மிக அதிகமாக விலகி நிற்க விரும்பியவர்கள் ருமேனியர்கள். மிகக் குறைவாக விலகியவர்கள் அர்ஜென்டினாக்காரர்கள்.

இந்த எல்லையைக் காப்பதில் மூளைக்குள் இருக்கும் அமிக்டலா என்கிற சிறு பகுதிக்குப் பங்குண்டு. பயத்தை உணர்வதிலும் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது. நோயினால் இரண்டு பக்க அமிக்டலாவும் சிதைந்துபோன ஒரு பெண்ணை கலிபோர்னியா தொழில்நுட்பக் கழக விஞ்ஞானிகள் சோதித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அறியாதவர் ஒருவரை நோக்கி நடந்து, 'இதுதான் எனக்குச் சௌகரியமான இடம்' என்று தோன்றும்போது நிற்கச் சொன்னார்கள். மற்றவர்கள் நின்ற தூரத்தில் ஏறக்குறைய பாதியில்தான் அந்தப் பெண் நின்றார். எதிராளியின் மூக்கு தம் மூக்கில் இடிக்கும் அளவு நெருங்கியும் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

தற்காப்புக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு ஒன்று 1970இல் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் அகஸ்டஸ் கின்செல் சிறைக்கைதிகளிடம் இந்த எல்லையை அளந்தார். வன்முறைக் குணம் உள்ள கைதிகளுக்கு அது மற்றக் கைதிகளைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிதாக இருந்தது. அதுவும் முன்பக்கத்தைவிட முதுகுப்பக்கம் பெரிது. சோதிக்கப்பட்டவர்கள் பதினைந்து பேருக்கும் குறைவு, ஆகவே அதிலிருந்து பெரிய சட்டமெதுவும் வகுக்க முடியாது. ஆனால் தெருவில் நிற்பவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. சட்டென்று கை ஓங்குகிற குணமுள்ளவருக்கு நாம் சாதாரணமாக நிற்கும் இடமே 'என் மேல் ஏறி வருகிறான்' என்று படலாம். சமாதானம் செய்கிறேன் என்று பின்னால் போய்த் தோளில் கைபோடும் நண்பர் முதல் அடியை வாங்குவதற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

ஆக, விலகி நிற்பது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. அடி எட்டாமல் தடுக்கிறது. அடிக்க வேண்டும் என்கிற வெறியையும் சற்றுத் தணிக்கிறது.

கால்கள்

கோபமாக ஒருவர் எதிரில் வந்து நின்றால் நம் உடம்பு இயல்பாக இரண்டில் ஒன்றைச் செய்யும். நெஞ்சை நிமிர்த்தி நேருக்கு நேர் நிற்கும்; இல்லையென்றால் குதிகாலில் சாய்ந்து பின்னுக்கு நகரும். இரண்டும் கெடுதல். நேருக்கு நேர் நின்றால் சவாலாகத் தெரியும். முகம், வயிறு, தொடையிடுக்கு எல்லாம் திறந்து கிடக்கும். குதிகாலில் சாய்ந்தால் லேசாகத் தள்ளினாலே மல்லாந்து விழ நேரிடும்.

செய்ய வேண்டியது இது. ஒரு காலை, பலம் குறைந்த கைப்பக்கத்துக் காலை, இருந்த இடத்திலேயே விடுங்கள். மற்றக் காலைப் பின்னுக்கு, கொஞ்சம் வெளிப்பக்கமாக வையுங்கள். இரு பாதங்களுக்கும் நடுவில் தோளகலம் இருக்கட்டும். பின்னங்காலின் விரல்கள் அரைப்பக்கம் திரும்பியிருக்கட்டும். முழங்கால்களை விறைப்பாக்காமல் சற்றே தளர்த்துங்கள். பாரம் பாதத்தின் முன்பகுதியில் நிற்கட்டும். இப்போது உங்கள் உடம்பு எதிராளிக்கு நேராக இல்லாமல் ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில் திரும்பியிருக்கும். முகம் மட்டும் அவரைப் பார்த்திருக்கும்.

பார்ப்பவர் கண்ணுக்கு இது டீக்கடையில் நின்று கதை பேசும் நிலை. நடைமுறையில் இதுவே தற்காப்பு நிலை. அமெரிக்கப் போலீஸ் பயிற்சியில் யாரையாவது விசாரிக்கும்போது நிற்கச் சொல்லித்தரும் விதமும் ஏறத்தாழ இதுதான். அங்கே துப்பாக்கி இருக்கும் இடுப்பு எதிராளியிடமிருந்து தள்ளியிருக்கும்படி திரும்பிக்கொள்வார்கள்.

இந்தக் காலை எப்போது பின்னால் வைப்பது என்பதில்தான் சூட்சுமம். அவர் பேசி முடித்ததும் விறுக்கென்று பின்வாங்கினால் பயந்ததாகத் தெரியும். சிலருக்கு அது துரத்தும் தைரியத்தைக் கொடுத்துவிடும். நீங்கள் பேசத் தொடங்கும்போது, தலையசைத்து "சரிங்க, என்ன ஆச்சுன்னு பாத்துடுவோம்" என்று சொல்லும்போது, வண்டியை எட்டிப் பார்ப்பதுபோலத் திரும்பும்போது, அந்த அசைவோடு காலும் நகர்ந்துவிட வேண்டும். அவர் கவனம் உங்கள் பேச்சில் இருக்கும். இடைவெளி ஓரடி கூடியதை அவர் உணரமாட்டார்.

அவர் மறுபடி நெருங்கினால்? நேர் பின்னாக நடந்துகொண்டே போகாதீர்கள். மனிதன் முன்னே நடக்கும் வேகத்தில் பின்னே நடக்க முடியாது. பின்னால் நடைபாதை விளிம்போ, கல்லோ, திறந்த சாக்கடையோ இருக்கலாம். ஓரிரு எட்டுப் பின்வைத்ததும் பக்கவாட்டில் வளையுங்கள். அவர் உங்களை நோக்கித் திரும்பி, மறுபடி காலை ஊன்றித்தான் நெருங்க வேண்டியிருக்கும். நகரும்போது காலுக்குக் காலைக் குறுக்கே போடாதீர்கள். எந்தத் திசையில் போகிறீர்களோ அந்தப் பக்கத்துக் கால் முதலில் நகர வேண்டும், அடுத்த கால் அதைத் தொடர வேண்டும். சிலம்பமோ குத்துச்சண்டையோ பழகியவர்களுக்கு இது முதல் வாரப் பாடம்.

கைகள்

கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பது, பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்பது, இடுப்பில் ஊன்றி நிற்பது மூன்றும் அந்த நேரத்தில் ஆகாதவை. கட்டிய கையைப் பிரிக்கவும் பாக்கெட்டிலிருந்து எடுக்கவும் ஆகும் நேரம் நம்மிடம் இல்லை. இடுப்பில் கை வைப்பதோ வம்புக்கு இழுக்கும் தோரணை.

ஜெஃப் தாம்ப்சன் என்கிற ஆங்கிலேயர் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகர இரவு விடுதிகளில் பல ஆண்டுகள் வாசல் காவலராக இருந்தவர். குடித்துவிட்டு வம்புக்கு வருபவர்களைத் தினமும் நேருக்கு நேர் சந்தித்த அனுபவத்தில், 1990களில் ஒரு முறையைப் பிரபலமாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வேலி'. பேசும்போது கைகளை நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்து, உள்ளங்கைகளைத் திறந்து, ஒரு கையைச் சற்று முன்னே நீட்டி, எதிராளிக்கும் தமக்கும் நடுவில் வைத்துக்கொள்வது. கை நீட்டம் எதிராளியின் நெஞ்சைத் தொடாது. ஆனால் அவர் நெருங்கினால் அந்தக் கையில்தான் வந்து முட்டுவார்.

இதில் மூன்று லாபம். ஒன்று, உள்ளங்கை தெரிவதால் "சண்டை வேண்டாம்" என்கிற சேதி அவருக்கும் போகிறது, சுற்றியிருப்பவர்களுக்கும் போகிறது. இரண்டு, முகத்துக்கு வரும் அடியின் பாதையில் கைகள் ஏற்கனவே இருக்கின்றன. தாழ்ந்து தொங்கும் கையைத் தூக்கும் நேரம் மிச்சம். மூன்று, தூரத்தை அளக்கும் கருவி அந்த முன்கைதான். கோபத்தில் இருக்கும்போது கண்ணளவு ஏமாற்றும். விரல்நுனியில் அவர் சட்டை பட்டால் ஏமாற்றாது. ஒருமுறை வந்து முட்டினால் "தள்ளி நின்னு பேசுங்க" என்று சொல்லிவிட்டு நகரலாம். சொன்ன பிறகும் மறுபடி முட்டுகிறார் என்றால் அவர் பேச வரவில்லை என்பது உறுதி. கிளம்பவோ, கூச்சல் போடவோ, வேறு வழியில்லையென்றால் தடுக்கவோ அதுவே நேரம்.

இரண்டு கைகளையும் அசையாமல் முன்னே நீட்டிக்கொண்டு நின்றால் கராத்தே போஸ்போல இருக்கும். எதிராளி இன்னும் சூடாவார். நாம் இயல்பாகவே கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவர்கள். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும். "இருங்க, இருங்க" என்று கையசைப்பது, கன்னத்தைத் தடவி யோசிப்பதுபோல நிற்பது, "கோவிச்சுக்காதீங்கண்ணே" என்று கும்பிடுவதுபோலக் கைகளை நெஞ்சருகே கொண்டுவருவது எல்லாம் வேலியின் வடிவங்களே. கும்பிடும்போது விரல்களைக் கோத்துக்கொள்ள மட்டும் வேண்டாம். கோத்த கையைப் பிரிக்க நேரமாகும். அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளவும் வேண்டாம். அவர் வந்து உங்கள் கையில் முட்டுவது வேறு, நீங்கள் அவர்மேல் கை வைப்பது வேறு. பின்னால் ஸ்டேஷனில் உட்கார்ந்து பேசும்போது இந்த வித்தியாசம் பெரிதாகிவிடும்.

நிற்கும் இடம்

காலும் கையும் தருகிற இடைவெளி சில அடிகள்தான். நடுவில் ஒரு பொருள் இருந்தால் அது இரண்டு மடங்காகும். ஸ்டாண்டு போட்ட பைக், கார் பானெட், டீக்கடை பெஞ்சு, கடைக் கல்லா, ஆபீஸ் மேஜை எதுவாக இருந்தாலும் சரி. அதைச் சுற்றி வந்துதான் உங்களைத் தொட முடியும் என்றால் அவர் வருவது இரண்டு விநாடி முன்பே தெரியும்.

முதலில் சொன்ன சிக்னல் தகராறையே எடுத்துக்கொள்ளுங்கள். பைக்காரர் பைக்கைவிட்டு இறங்கி, அதைத் தாண்டிக் காரை நோக்கி நடந்ததுதான் முதல் தப்பு. பைக்கின் மறுபக்கமாக இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டே பேசியிருக்கலாம். ஹெல்மெட்டைக் கழற்றும் அந்த இரண்டு விநாடியில் இரு கைகளும் தலைக்கு மேல் இருக்கும், கண்ணும் மறையும். கழற்றுவதானால் ஆள் தூரத்தில் வரும்போதே கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் முகக்கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுப் பேசலாம். காருக்குள் இருப்பவருக்கு இன்னும் எளிது: இறங்காமல், கதவைப் பூட்டி, கண்ணாடியை நாலு விரல் இறக்கிப் பேசினால் போதும்.

முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சுவர் இருந்தால் பின்வாங்க வழியில்லை. வழி எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம் உங்கள் முதுகோ தோளோ இருக்கும்படி மெல்லச் சுற்றி வாருங்கள். அதே சமயம் எதிராளிக்கு வெளியேறும் வழியையும் அடைக்காதீர்கள். வாசலை மறித்து நிற்பவரைத் தள்ளிவிட்டுப் போவதைத் தவிர அவருக்கு வேறு வழியிருக்காது. மருத்துவமனையிலும் வங்கியிலும் கோபமாக வருபவர்களோடு பேச வேண்டிய ஊழியர்கள் இதை மனதில் வைப்பது நல்லது.

இரண்டு பேர் வந்தால் ஒருவர் பேச்சுக் கொடுப்பார், மற்றவர் பக்கவாட்டில் நழுவுவார். நடுவில் மாட்டிக்கொள்ளாதபடி, ஒருவருக்குப் பின்னால் மற்றவர் வரிசையாகத் தெரியும் இடத்துக்கு வளைந்து நகருங்கள். அப்போது ஒரு நேரத்தில் ஒருவர்தான் உங்களை எட்ட முடியும்.

லிஃப்டில் பொத்தான் பலகைக்குப் பக்கத்தில், சுவருக்குப் பக்கவாட்டாக நில்லுங்கள். ஏ.டி.எம். இயந்திரத்தில் முகத்தைப் புதைத்து நிற்காமல் அரைப்பக்கம் திரும்பி நில்லுங்கள். நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக நடந்தால் உங்கள் ஓரத்து வண்டிகள் எதிரில் வரும். சங்கிலி பறிக்கப் பின்னாலிருந்து வரும் பைக்குக்கு வாய்ப்பு குறையும்.

கூட்டமான பஸ்ஸில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாதே என்று கேட்கலாம். நியாயம்தான். தோளோடு தோள் உரசும் இடத்தில் தூரம் கிடையாது. கோணம் மட்டும்தான் கையில் இருக்கிறது. இடம் இருந்தும் ஒட்டி நிற்பவர், நீங்கள் நகர்ந்த பிறகும் கூடவே நகர்பவர்தான் கவனிக்க வேண்டிய ஆள். பையை உடம்புக்கும் அவருக்கும் நடுவில் கொண்டுவந்து, முழங்கையை வெளியே வைத்து, பக்கவாட்டில் திரும்பி நின்றால் ஒரு சாண் இடமாவது பிறக்கும். பெண்களிடம் அத்துமீறுகிறவரிடம் பணிவாகப் பேசவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அங்கே சத்தம்தான் வேலி. "தள்ளி நில்லுங்க!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னால் நாலு தலை திரும்பும், அவர் நம்பியிருந்த மறைவு போய்விடும்.

பேச்சும் உடம்பும் ஒன்றையே சொல்ல வேண்டும்

கை "வேண்டாம்" என்று காட்ட, வாய் "என்னடா பண்ணிடுவே?" என்று கேட்டால் எதிராளி வாயைத்தான் நம்புவார். தெருத் தகராறில் "அண்ணே", "தம்பி", "சார்" என்கிற ஒரு சொல் பாதிச் சூட்டைக் குறைக்கும். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும், குரல் தாழ்ந்திருக்கட்டும். "அங்கேயே நின்னு சொல்லுங்கண்ணே, கேக்குறேன்" என்பது மரியாதையும் எல்லையும் ஒன்றாக அடங்கிய வாக்கியம்.

கண்ணைக் கண்ணால் முறைக்காதீர்கள், தரையையும் பார்க்காதீர்கள். பார்வையை அவர் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைத்தால் தோள் அசைவும் கை அசைவும் ஒன்றாகத் தெரியும்.

சில அறிகுறிகளைக் கண்டால் பேச்சை நிறுத்திவிட்டு இடத்தைக் காலிசெய்ய வேண்டியதுதான். கத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாவது. யார் பார்க்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பது. ஒரு கையை முதுகுக்குப் பின்னாலோ வேட்டி மடிப்பிலோ மறைப்பது. செருப்பைக் கழற்றுவது, வேட்டியை மடித்துக்கட்டுவது, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாக்கெட்டில் போடுவது. இன்னொரு வகை சத்தமே இல்லாமல் வரும்: ஆளில்லாத தெருவில் "மணி என்ன?", "இந்த அட்ரஸ் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே நெருங்குவது. பதில் சொல்வதில் தப்பில்லை. குனிந்து கடிகாரத்தையோ அவர் நீட்டும் போனையோ பார்க்காமல், நடையை நிறுத்தாமல், இடைவெளியை விடாமல் சொல்லுங்கள்.

வீட்டிலேயே பழகலாம்

படித்தால் மட்டும் உடம்புக்குப் பழக்கம் வராது. அண்ணனோ தங்கையோ நண்பரோ ஒருவர் போதும். முதலில் அவரை மூன்றடியில் நிறுத்தி, எப்போது வேண்டுமானாலும் உங்கள் தோளைத் தொடச் சொல்லுங்கள். எத்தனை முறை தடுக்க முடிகிறது என்று பாருங்கள். பிறகு ஆறடிக்குத் தள்ளி நிறுத்தி அதையே செய்யுங்கள். தூரத்தின் மதிப்பை விளக்க இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

அடுத்து, அவர் உங்களோடு சும்மா பேசிக்கொண்டே நெருங்கி வரட்டும். நீங்களும் பேசிக்கொண்டே இடைவெளியைக் காப்பாற்றுங்கள். பேச்சு தடைபடக் கூடாது, காலும் தடுமாறக் கூடாது. தரையில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதை எப்போதும் இருவருக்கும் நடுவில் இருக்கும்படி சுற்றிவாருங்கள். தினமும் பத்து நிமிடம் என்று சில வாரம் செய்தால், யோசிக்காமலே கால் நகரத் தொடங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. தன் உடலையும் பிறர் உடலையும் காப்பாற்றிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. அதற்கு எல்லையும் உண்டு: 37ஆம் பிரிவின்படி தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகக் காயப்படுத்தக் கூடாது, அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருக்கும்போது இந்த உரிமை கிடையாது.

இங்கேயும் நிற்கும் விதத்துக்கு மதிப்பிருக்கிறது. இன்று தெருவுக்குத் தெரு சி.சி.டி.வி. கேமரா, சண்டை என்றால் பத்து செல்போன் உயரும். அவற்றில் பெரும்பாலும் சத்தம் தெளிவாகக் கேட்காது, படம்தான் பேசும். திறந்த உள்ளங்கையோடு பின்வாங்கிக்கொண்டே இருந்தவர் யார், துரத்தித் துரத்தி நெருங்கியவர் யார் என்பதை அந்தப் படம் காட்டிவிடும்.

இவ்வளவும் எதற்கு என்றால், சண்டையில் ஜெயிக்க அல்ல. கூட்டமாக வருபவர்களிடமும், ஆயுதத்தோடு வருபவர்களிடமும் எந்த நிலையும் எந்தக் கோணமும் காப்பாற்றும் என்கிற உத்தரவாதம் இல்லை. போனைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், வழி கிடைத்தால் ஓடுங்கள், வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடத்துக்குப் போய் 112ஐ அழையுங்கள். பெண்களுக்கு 181 உதவி எண்ணும் இருக்கிறது. மற்ற எல்லாத் தகராறிலும் ஐந்தடி இடைவெளி, அரைப்பக்கம் திரும்பிய உடம்பு, திறந்த உள்ளங்கை ஆகிய மூன்றையும் கைவிடாதீர்கள். அவமானம் என்று எதுவும் இதில் இல்லை. அடி வாங்காமலும் அடிக்காமலும் வீடு வந்து சேர்ந்தவரே அந்தச் சண்டையில் கெட்டிக்காரர்.